முள்ளை முள்ளால் எடுக்கும் மருத்துவம்: எச்.ஐ.வி.யும் மரபணுச் சிகிச்சையும்

ரப்பர்த் தோட்டத்தில் பாடுபடும் அன்பர்களுக்கு லாலாங் புல்லைப் பற்றி எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கத்தியால் எத்துணை முறை வெட்டிச் சாய்த்தாலும், இரண்டு மழை பெய்தவுடன் அது மீண்டும் தலைதூக்கும். காரணம் யாது? நாம் வெட்டுவது இலையை. அதன் உயிர் இருப்பதோ மண்ணுக்கடியில் ஓடும் தண்டில். அத்தண்டில் ஒரு சிறு துண்டு எஞ்சினாலும் போதும். நிரை முழுவதும் மீண்டும் பரவிவிடும்.

எச்.ஐ.வி. என்னும் நோய்க்கிருமியும் ஏறக்குறைய இத்தகையதே. இன்று மருத்துவமனைகளில் கொடுக்கப்படும் மாத்திரைகள் இக்கிருமியின் இலையை முற்றிலும் ஒடுக்கிவிடுகின்றன. அதன் வேரை இன்னும் எட்டவில்லை. அவ்வேரை எட்டுவதற்கு மரபணு வழியாகவும் ஆர்.என்.ஏ. வழியாகவும் உலக விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர். அம்முயற்சி எவ்வளவு தூரம் வந்துள்ளது? அதில் தமிழ்நாட்டு வேலூருக்கும் நமது கோலாலம்பூருக்கும் உள்ள தொடர்பு யாது? இச்செய்திகளைக் கேள்வியுறும் நோயாளி செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும் யாவை? இவற்றை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

1986: ஒரே ஆண்டில் இரு நாடுகளில்

எய்ட்ஸ் என்னும் நோய்நிலை முதன்முதலில் 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறியப்பட்டது. அதற்குக் காரணமான கிருமியைப் பாரிஸ் நகரிலுள்ள பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் பிரான்சுவா பாரே சினுசி அம்மையாரும் லூக் மொந்தானியே அவர்களும் 1983-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இதற்காக 2008-ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

மலேசியாவில் முதல் நோயாளி 1986-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டார். அதே ஆண்டில்தான் இந்தியாவிலும் இக்கிருமி இருப்பது வெளிப்பட்டது. அதனை வெளிப்படுத்தியவர்கள் சென்னையைச் சேர்ந்த இரு பெண்மணிகள். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவியான செல்லப்பன் நிர்மலாவிடம் இவ்வாராய்ச்சியை ஒப்படைத்தார். இந்தியாவில் இந்நோய் இல்லை என்றே பலரும் எண்ணியிருந்த காலம் அது. சென்னையில் காப்பகம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து நிர்மலா இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவற்றைச் சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. ஆகவே, பனிக்கட்டி நிறைந்த பெட்டியில் அம்மாதிரிகளை வைத்து, இரவு இரயிலில் வேலூருக்கு எடுத்துச் சென்றார். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அவை சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் கிருமியின் அடையாளம் தென்பட்டது.

வேலூர் என்னும் இப்பெயரை வாசகர்கள் நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் அவ்வூருக்குச் செல்வோம்.

வேலியே பயிரை மேயும் விந்தை

நம் உடலில் எண்ணிலடங்கா உயிரணுக்கள் உள்ளன. ஒவ்வோர் உயிரணுவின் உள்ளேயும் டி.என்.ஏ. என்னும் நூல் ஒன்று பத்திரமாக வைக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளால் ஆன நூல் அது. கண்ணின் நிறம், இரத்தத்தின் தன்மை, எலும்பின் உறுதி ஆகிய அனைத்திற்கும் உரிய கட்டளைகள் அதில் அடங்கியுள்ளன. அக்கட்டளை ஒவ்வொன்றையும் மரபணு என்கிறோம்.

மூலநூல் எப்போதும் பெட்டகத்தில் இருக்கும். வேலை நடக்கும் இடத்திற்கு அதன் நகல் ஒன்றே அனுப்பப்படும். தோட்ட அலுவலகத்தில் பேரேடு இருக்க, அன்றைய வேலைக்கான துண்டுச்சீட்டு மட்டும் மண்டோரின் கைக்கு வருவதைப் போன்றது இது. அத்துண்டுச்சீட்டே ஆர்.என்.ஏ. வேலை முடிந்ததும் சீட்டு கிழித்தெறியப்படும், பேரேடு நிலைத்திருக்கும்.

எச்.ஐ.வி. கிருமி ஏறத்தாழ பத்தாயிரம் எழுத்துகளே கொண்ட மிகச் சிறிய ஆர்.என்.ஏ. கிருமி. நம் உடலைக் காக்கும் காவலர்களான சி.டி.4 என்னும் வெள்ளையணுக்களையே இது தேடிச் செல்கிறது. அவ்வணுவின் மேற்பரப்பில் சி.சி.ஆர்.5 என்று பெயரிடப்பட்ட ஓர் உறுப்பு உண்டு. கதவின் கைப்பிடியைப் பற்றுவதுபோல் அதைப் பற்றிக்கொண்டு கிருமி உள்ளே நுழைகிறது. நுழைந்தபின் அது செய்யும் காரியமே விபரீதமானது. தன் துண்டுச்சீட்டைப் பேரேட்டின் எழுத்தாக மாற்றி, அணுவின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அதன்பின் அவ்வணு, தன் சொந்தக் கட்டளை என்று எண்ணி, கிருமிகளை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. காவல் காக்க வேண்டிய அணுவே பகைவனின் தொழிற்சாலையாகிவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று இதனைத்தான் கூறவேண்டும்.

காவலர் அணுக்கள் குறையக் குறைய, சாதாரண நோய்களும் உடலைத் தாக்கி வீழ்த்துகின்றன. காசநோய், நிமோனியா முதலியவை எளிதில் பற்றிக்கொள்கின்றன. அந்நிலையையே எய்ட்ஸ் என்கிறோம். கிருமி உடலில் இருப்பது வேறு, எய்ட்ஸ் நிலையை அடைவது வேறு என்பதை நன்கு உணர்தல் வேண்டும்.

மாத்திரை செய்வதும் செய்யாததும்

1996-ஆம் ஆண்டில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவம் நடைமுறைக்கு வந்தது. கிருமி தன் சீட்டை எழுத்தாக மாற்றுவதையும், பேரேட்டில் செருகுவதையும், புதிய கிருமிகளாக வெளிவருவதையும் இம்மருந்துகள் வெவ்வேறு இடங்களில் தடுக்கின்றன. அதற்கு முன்னர் மரண ஓலையாகக் கருதப்பட்ட இந்நோய், அதன்பின் நீரிழிவைப்போல் கட்டுப்படுத்தி வாழத்தக்க நோயாக மாறிவிட்டது. நாள்தோறும் தவறாமல் மருந்து உட்கொள்பவரின் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்நிலை நீடிக்கும்வரை, உடலுறவின் வழியாக அவரிடமிருந்து பிறருக்கு நோய் தொற்றுவதில்லை என்பது பெரும் ஆய்வுகளால் உறுதி செய்யப்பட்ட உண்மை.

எனினும் ஒரு குறை நிற்கிறது. கிருமியின் எழுத்தைத் தாங்கிய சில அணுக்கள் வேலை எதுவும் செய்யாமல் உறங்கிக் கிடக்கின்றன. உறங்கும் அணுவை மருந்தும் தீண்டாது; உடலின் காவலும் இனங்காணாது. இவையே மண்ணுக்கடியில் கிடக்கும் லாலாங் தண்டுகள். இவ்வணுக்கள் தாமாகவே அழிந்தொழிய வேண்டுமானால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாது மருந்துண்ண வேண்டியிருக்கும் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1999-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் கூறினர். மருந்தை நிறுத்திவிட்டால், பெரும்பாலோரிடம் சில வாரங்களிலேயே கிருமி மீண்டும் இரத்தத்தில் தோன்றிவிடுகிறது.

ஒட்டுக்கட்டிய மரமும் பெர்லின் நோயாளியும்

1877-ஆம் ஆண்டில் நமது பேராக் மாநிலத்தின் கோலக்கங்சாரில் நடப்பட்ட ரப்பர் மரங்கள் விதையிலிருந்து முளைத்த கன்றுகள். பிற்காலத்தில் ஒட்டுக்கட்டும் முறை வந்தது. காட்டுக்கன்றின் பட்டையில் நல்லின மரத்தின் மொட்டை வைத்துக் கட்டுகிறோம். மொட்டு பிடித்தவுடன் கன்றின் பழைய தலையை வெட்டிவிடுகிறோம். அதன்பின் வளரும் மரம் முழுவதும் நல்லினத்தின் குணத்தையே கொண்டிருக்கும்.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் இதனை ஒத்ததே. இரத்த அணுக்கள் யாவும் எலும்பின் உள்ளிருக்கும் மஜ்ஜையில் உள்ள மூல அணுக்களிலிருந்தே பிறக்கின்றன. இரத்தப் புற்றுநோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, பொருத்தமான மற்றொருவரின் மூல அணுக்களைச் செலுத்துவர். அவை பிடித்துக்கொண்டால், அதன்பின் ஊறும் இரத்தம் கொடையாளியின் குணத்தைப் பெறும்.

வட ஐரோப்பிய வழியினருள் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவில் சி.சி.ஆர்.5 உறுப்பே இல்லாமல் பிறக்கின்றனர். கைப்பிடி இல்லாத கதவை எச்.ஐ.வி. எவ்வாறு திறக்கும்? பெர்லின் நகரில் வாழ்ந்த திமத்தி ரே பிரவுன் என்னும் அமெரிக்கருக்கு எச்.ஐ.வி.யும் இரத்தப் புற்றுநோயும் சேர்ந்திருந்தன. டாக்டர் கெரோ ஹுட்டர் என்பவர், அவ்வுறுப்பு இல்லாத கொடையாளி ஒருவரைத் தேடிப்பிடித்து, 2007-ஆம் ஆண்டில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்தார். 2008-இல் மீண்டும் ஒருமுறை செய்யப்பட்டது. எச்.ஐ.வி. மருந்தை நிறுத்திய பின்னும் கிருமி திரும்பவில்லை. 2020-ஆம் ஆண்டில் புற்றுநோய் மீண்டும் தாக்கியதால் அவர் இயற்கை எய்தினார். இறக்கும்வரை அவர் உடலில் எச்.ஐ.வி. காணப்படவில்லை. இலண்டனில் சிகிச்சை பெற்ற ஆடம் காஸ்டில்லேஹோ என்பவர் குணமடைந்த செய்தி 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்பின் மேலும் சிலர் இவ்வரிசையில் சேர்ந்துள்ளனர். ஆயினும் உலகம் முழுவதிலும் இவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே.

கோலாலம்பூரில் கேட்ட நற்செய்தி

2013-ஆம் ஆண்டில் அனைத்துலக எய்ட்ஸ் சங்கத்தின் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. கிருமியைக் கண்டறிந்த பாரே சினுசி அம்மையாரும் நம் நாட்டின் டாக்டர் அடிபா கமாருல்சமான் அவர்களும் இம்மாநாட்டிற்கு இணைத்தலைமை வகித்தனர். அங்கு வெளியான ஒரு செய்தி உலகச் செய்தித்தாள்களில் எல்லாம் இடம்பெற்றது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்ற இருவர் எச்.ஐ.வி. மருந்தை நிறுத்திவிட்டனர், ஒருவருக்கு 15 வாரங்களும் மற்றவருக்கு 7 வாரங்களும் கடந்தும் கிருமி காணப்படவில்லை என்பதே அச்செய்தி. இவர்களுடைய கொடையாளிகளோ சி.சி.ஆர்.5 உறுப்பை உடைய சாதாரண மனிதர்கள். ஆகையால், இனி யாரிடமிருந்தும் மஜ்ஜை பெறலாம் போலும் என்ற நம்பிக்கை பிறந்தது.

அவ்வாண்டு முடிவதற்குள் அந்நம்பிக்கை தளர்ந்தது. ஒருவரிடம் 12 வாரங்களிலும் மற்றவரிடம் 32 வாரங்களிலும் கிருமி திரும்பிவிட்டது. நல்லவேளையாக, இருவரும் மருத்துவரின் கண்காணிப்பில் இருந்ததால் உடனே மீண்டும் மருந்து தொடங்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? கண்ணுக்குப் புல் தெரியவில்லை என்பதால் மண்ணுக்கடியில் தண்டு இல்லை என்று ஆகிவிடாது. மிகக் கூர்மையான சோதனைகளாலும் காணமுடியாத சில அணுக்கள் எங்கோ எஞ்சியிருந்தன. எட்டு மாதங்கள் அமைதியாக இருந்தும் அவை முளைத்தன.

மேலும், மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடியது. புற்றுநோயால் வேறு வழியற்றவருக்கே அது செய்யப்படுகிறது. மாத்திரையால் நலமாக வாழும் ஒருவருக்கு அதனைச் செய்வது முறையன்று.

மரபணுக் கத்தரிக்கோல்

கொடையாளியைத் தேடாமல், நோயாளியின் சொந்த அணுக்களிலேயே அக்கைப்பிடியை நீக்கிவிட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 12 நோயாளிகளின் வெள்ளையணுக்களை வெளியே எடுத்து, ஒருவகை மரபணுக் கத்தரிக்கோலால் சி.சி.ஆர்.5 மரபணுவை வெட்டி, அவ்வணுக்களைத் திரும்பச் செலுத்தினர். 2014-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. திருத்தப்பட்ட அணுக்கள் ஏனைய அணுக்களைவிடக் கூடுதலாகத் தாக்குப்பிடித்தன. ஆனால் எல்லா அணுக்களையும் திருத்த இயலவில்லை. ஆகவே மருந்தை நிறுத்தியபோது பெரும்பாலோரிடம் கிருமி திரும்பியது.

அதன்பின் கிரிஸ்பர் என்னும் புதிய கத்தரிக்கோல் வந்தது. இதனை உருவாக்கிய எமானுவேல் ஷார்பாந்தியே, ஜெனிபர் டவுட்னா ஆகிய இரு பெண் விஞ்ஞானிகள் 2020-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். இதில் ஓர் ஆர்.என்.ஏ. துண்டு வழிகாட்டியாகச் செல்கிறது. எந்த எழுத்தை வெட்டவேண்டுமோ அங்கே கத்தரியை அது கொண்டு நிறுத்துகிறது. மறைந்து கிடக்கும் எச்.ஐ.வி.யின் எழுத்தையே இக்கத்தரியால் வெட்டி எறியும் சோதனை 2022-ஆம் ஆண்டில் மனிதரிடம் தொடங்கப்பட்டது. ஊசி வழியாக ஒரே ஒருமுறை மருந்து செலுத்தப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டபடி, சிகிச்சையால் பெருந்தீங்கு நேரவில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்திப் பார்த்த மூவரிடமும் கிருமி திரும்பியது. அவர்களுள் ஒருவரிடம் மட்டும் அது திரும்புவதற்கு 16 வாரங்கள் ஆயின. மண்வெட்டி நல்ல மண்வெட்டிதான். ஆனால் தோட்டம் முழுவதிலும் உள்ள ஒவ்வொரு தண்டையும் அதனால் தோண்டியெடுக்க இயலவில்லை.

ஆர்.என்.ஏ. வழிகள் இரண்டு

தோட்டத்தில் லாலாங்கை ஒழிக்கத் தோண்டுவது ஒன்றே வழியன்று. மூடுபயிர்க் கொடியைப் படரவிட்டு, வெயில் படாமல் அதனை அடக்கி வைப்பதும் உண்டு. துளிர்விட்டு இலை விரிந்த பின் மருந்தடித்து, அம்மருந்தை வேர்வரை இறங்கச் செய்வதும் உண்டு. ஆர்.என்.ஏ. ஆராய்ச்சியிலும் இவ்விருவகை உண்டு.

முதல்வகை, அடக்கி வைப்பது. சிறு ஆர்.என்.ஏ. துண்டுகள் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் துண்டுச்சீட்டைக் கிழித்துவிட்டு, அக்கட்டளையைச் செயலற்றதாக்க முடியும் என்பதை ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ ஆகியோர் 1998-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். 2006-இல் இவர்கள் நோபெல் பரிசு பெற்றனர். இம்முறையைப் பயன்படுத்தி, கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையில் எச்.ஐ.வி.யும் நிணநீர்ப் புற்றுநோயும் உடைய நால்வரின் மூல அணுக்களில், கிருமியைத் தடுக்கும் மூவகை ஆர்.என்.ஏ. ஆயுதங்களுக்கான மரபணுக்கள் பொருத்தப்பட்டன. 2010-இல் வெளியான முடிவின்படி, திருத்தப்பட்ட அணுக்கள் இரண்டு ஆண்டுகள் வரையிலும் உடலில் காணப்பட்டன. எனினும் அவற்றின் அளவு மிகக் குறைவு. நோயைத் தீர்க்க அது போதவில்லை.

இரண்டாம்வகை, எழுப்பி ஒழிப்பது. உறங்கும் அணுவை எழுப்பிவிட்டால் அதிலுள்ள கிருமி வெளிப்படும். வெளிப்பட்டதை உடலின் காவலோ மருந்தோ அழிக்கலாம். 2021-ஆம் ஆண்டில் கோவிட் நோய்க்காக நம்மில் பலர் போட்டுக்கொண்ட பைசர் தடுப்பூசியை நினைவுகூர்க. நுண்ணிய கொழுப்புத் துளிக்குள் ஆர்.என்.ஏ. சீட்டு ஒன்றை வைத்து உடலுக்குள் அனுப்பும் முறை அது. அந்த ஆர்.என்.ஏ.வை உடல் ஏற்கும்படி செய்த கத்தலின் கரிக்கோ, டுரூ வைஸ்மன் ஆகிய இருவருக்கும் 2023-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலுள்ள டோஹர்டி ஆய்வுக்கழகத்தார், உறங்கும் வெள்ளையணுக்களுக்குள் நுழையவல்ல புதுவகைக் கொழுப்புத் துளியை உருவாக்கி, கிருமியை எழுப்பும் சீட்டை அதனுள் அனுப்பினர். நோயாளிகள் அளித்த அணுக்களில், ஆய்வுக்கூடத்தில், கிருமி விழித்தெழுந்தது. 2025-இல் வெளியான இம்முடிவு விஞ்ஞானிகளுக்கே வியப்பளித்தது. ஆயினும் இது கண்ணாடிக் குப்பியில் நடந்த ஆய்வே. எழுப்பிய அணு அழிந்துபோகுமா என்பது அடுத்துத் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி.

மீண்டும் வேலூர்

இனி வேலூருக்குத் திரும்புவோம்.

எச்.ஐ.வி.யின் மிகக் கொடிய திறமை, தன் எழுத்தை மனித அணுவின் பேரேட்டில் நிலையாகச் செருகுவது என்று கண்டோம். அத்திறமையையே நன்மைக்குப் பயன்படுத்தினால் என்ன என்று விஞ்ஞானிகள் சிந்தித்தனர். நோயை உண்டாக்கும் கட்டளைகளையும் பெருகுவதற்கான கட்டளைகளையும் கிருமியிலிருந்து நீக்கிவிட்டனர். எஞ்சியது வெறும் வண்டி. சரக்கை இறக்கிவிட்ட லோரியைப்போன்ற அவ்வண்டியில், நோயாளிக்குத் தேவையான நல்ல மரபணுவை ஏற்றினர். இவ்வண்டி அணுவினுள் சென்று சரக்கை இறக்கும்; பெருகாது, பரவாது, எய்ட்ஸ் நோயை உண்டாக்காது.

ஹீமோஃபிலியா என்பது இரத்தம் உறையாமல் பெருகும் பிறவிக்குறை. எட்டாம் எண் உறைபொருளை உண்டாக்கும் மரபணு பழுதுபடுவதால் ஏற்படுவது அதன் ‘ஏ’ வகை. பெரும்பாலும் ஆண்களையே இது தாக்கும். சிறு காயம்கூட இவர்களுக்கு ஆபத்து. மூட்டுகளில் இரத்தம் கசிந்து முடம் ஏற்படுவதும் உண்டு. உறைபொருளை ஊசியாக வாழ்நாள் முழுவதும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழுவினர், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து, இந்நோய் கடுமையாக உள்ள ஐவருக்குப் புதிய சிகிச்சை அளித்தனர். நோயாளியின் சொந்த மூல அணுக்களை வெளியே எடுத்து, எச்.ஐ.வி. இனக் கிருமியிலிருந்து உருவாக்கிய அவ்வண்டியின் மூலம் நல்ல மரபணுவைப் பொருத்தி, மீண்டும் உடலில் செலுத்தினர். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. ஐவரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதங்கள். அக்காலம் முழுவதிலும் ஒருவருக்கேனும் நோயினால் இரத்தக் கசிவு ஏற்படவில்லை. முதல் இருவரைவிட, பின்னர் முறையைச் செம்மைப்படுத்திச் சிகிச்சை பெற்ற மூவரிடம் உறைபொருளின் அளவும் உயர்ந்திருந்தது.

1986-ஆம் ஆண்டில் எந்த வளாகத்தில் எச்.ஐ.வி.யின் அடையாளம் கண்டு மருத்துவர்கள் திடுக்கிட்டார்களோ, அதே நிறுவனத்தில், முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், அக்கிருமியிலிருந்து செய்த கருவி வேறொரு நோயைத் தணித்தது. முள்ளை முள்ளால் எடுப்பது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நம் நாட்டில் பல குடும்பங்களைத் துன்புறுத்தும் தலசீமியா நோய்க்கும் இதே வண்டியைக் கொண்டு செய்யப்படும் சிகிச்சை ஒன்று 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆனால் ஒருவருக்கு அதன் விலை 28 இலட்சம் அமெரிக்க டாலர்! இத்தகைய சிகிச்சையை ஏழை எளியவர்க்கும் எட்டும் செலவில் செய்யவேண்டும் என்பதே வேலூர் போன்ற இடங்களில் நடைபெறும் ஆராய்ச்சியின் சிறப்பு.

வரம்பு கடந்தால் தீமை

கத்தி கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது. பால்வெட்டும்போது பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் பட்டால் என்ன நேரும் என்பதை அன்பர்கள் அறிவர். 2018-ஆம் ஆண்டில் சீனாவில் ஹ ஜியான்குய் என்பவர், எச்.ஐ.வி. தொற்றாதிருக்கும் பொருட்டு, கருவிலிருந்த குழந்தைகளின் சி.சி.ஆர்.5 மரபணுவையே மாற்றியதாக அறிவித்தார். உலக விஞ்ஞானிகள் ஒருமுகமாகக் கண்டித்தனர். கருவில் செய்த மாற்றம் அக்குழந்தைகளின் சந்ததிக்கும் செல்லும். பிழை நேர்ந்தால் திருத்த இயலாது. 2019-இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வேலூரில் செய்யப்பட்டதோ, வயதுவந்தவரின் சம்மதத்துடன் அவருடைய இரத்த மூல அணுக்களில் மட்டும் செய்யப்பட்ட மாற்றம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறத்தலாகாது.

இன்று நாம் செய்யவேண்டியது

‘எச்.ஐ.வி.க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்ற செய்தி கைத்தொலைபேசி வழியாக அடிக்கடி வருகிறது. அதனைப் படித்துவிட்டு ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அவர் நிலை என்னாகும்? பாஸ்டன் நோயாளிகளின் அனுபவமே இதற்கு விடை. அவர்களுக்கு வாரந்தோறும் இரத்தம் பார்க்கப் பெரிய மருத்துவக் குழுவே இருந்தது. தோட்டத்து லயத்திலோ கம்பத்திலோ வாழும் ஒருவர் தாமாக மாத்திரையை நிறுத்தினால், கிருமி திரும்புவதை அறிவதற்குள் உடல் நலிந்துவிடும். விட்டுவிட்டு உண்பதால் கிருமி மருந்தை எதிர்க்கும் வல்லமை பெறுவதும் உண்டு. பின்னர் அதே மருந்து பயன்படாது. வேரையும் அறுத்துவிடும் என்று சொல்லி விற்கப்படும் சூரணத்தையும் லேகியத்தையும் நம்பி மருத்துவமனையைக் கைவிடுவோர் பணத்தோடு உயிரையும் இழக்க நேரிடும்.

மலேசியாவில் இந்நோய்க்கான முதல்நிலைக் கூட்டு மருந்து அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு இலவசமாகவே வழங்கப்படுகிறது. பேராக் மாநிலத்தவர் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இரத்தச் சோதனை செய்துகொள்ளலாம். மேல் சிகிச்சைக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை உள்ளது.

கருவுற்ற தாய்மார்களுக்கு எச்.ஐ.வி. சோதனை செய்யும் திட்டம் 1998-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. சிகிச்சை இல்லாவிடில், நோயுற்ற தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 வரை இக்கிருமி தொற்றக்கூடும். சிகிச்சை பெற்றால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இச்சான்றை முதலில் பெற்றது நம் நாடே. இவ்வெற்றிக்குப் புதிய மரபணுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. சோதனையும் மாத்திரையும், சொன்ன நாளில் தவறாமல் வந்த தாய்மார்களின் பொறுப்புமே போதுமானவையாக இருந்தன.

சில ஐயங்களும் விடைகளும்

எச்.ஐ.வி. உடையவருடன் ஒரே மங்கில் நீர் அருந்தினால் நோய் தொற்றுமா?
தொற்றாது. உணவு, நீர், கைகுலுக்கல், கழிவறை, கொசுக்கடி ஆகியவற்றால் இக்கிருமி பரவுவதில்லை. பாதுகாப்பற்ற உடலுறவு, ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றவர் பயன்படுத்துதல், நோயுள்ள இரத்தம், சிகிச்சை பெறாத தாயிடமிருந்து குழந்தை ஆகியவையே அது பரவும் வழிகள்.

வேலூர்ச் சிகிச்சை எச்.ஐ.வி.யைக் குணப்படுத்துமா?
குணப்படுத்தாது. அது ஹீமோஃபிலியாவுக்கான சிகிச்சை. எச்.ஐ.வி. இனக் கிருமியிலிருந்து செய்த வண்டி அங்கே கருவியாகப் பயன்பட்டது, அவ்வளவே.

மரபணுச் சிகிச்சையை இன்று மருத்துவமனையில் கேட்டுப் பெறலாமா?
எச்.ஐ.வி.க்கு இயலாது. இன்றுவரை அது ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது.

அப்படியானால் இவ்வாராய்ச்சியால் நோயாளிக்கு என்ன பயன்?
இன்று மாத்திரை உண்டு உடலைக் காத்துக்கொள்பவரே நாளை வரும் சிகிச்சையைப் பெறும் தகுதியுடையவராக இருப்பார்.

இறுதியாக ஒரு சொல். இந்நோய் உடையவர் ஒருவர் நம் லயத்திலோ உறவினர் வீட்டிலோ இருக்கக்கூடும். மருந்து வாங்கச் செல்வதை அண்டை வீட்டார் பார்த்துவிடுவார்களே என்று அஞ்சியே சிலர் மருத்துவமனைப் பக்கம் தலைகாட்டுவதில்லை. அவ்வச்சத்தைப் போக்க விஞ்ஞானியின் கத்தரிக்கோலால் இயலாது. அது நம் நாவின் கையில் இருக்கிறது. பழிச்சொல் கூறாதிருப்போம். மருந்துக்குச் செல்பவருக்குத் துணையாகச் செல்வோம். தண்டைத் தோண்டியெடுக்கும் நாள் வரும்வரை, துளிர்க்கும் இலையை நாள்தோறும் ஒடுக்கி வைப்பதே நம் கடமை.